பட்டியலில் இல்லாத பெயர்

போன மாசம் எங்கள் சொசைட்டியில் ஜெனரல் பாடி மீட்டிங். தில்லியில், அதுவும் துவாரகா பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்த மீட்டிங் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர், பார்க்கிங், நாய். இந்த மூன்றுக்கே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். இந்தத் தடவை நாலாவதாக ஒன்று வந்தது.

பாலியல் குற்றவாளிகளைப் பற்றி மத்திய அரசு ஒரு தேசியப் பட்டியல் வைத்திருக்கிறதல்லவா, அதை அமெரிக்காவில் செய்வது போலப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு மனு. அது நடக்கும் வரை, சொசைட்டிக்குள் வந்துபோகும் வேலைக்காரப் பெண்களின் கணவர்கள், டிரைவர்கள், டெலிவரி பையன்கள் எல்லாருடைய போட்டோவையும் வாங்கி, போலீஸ் வெரிஃபிகேஷன் ஆகாதவர்கள் பெயரை லிஃப்டில் ஒட்டுவது என்று ஒரு தீர்மானம். கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். பெண்ணைப் பெற்றவன், தட்டாமல் என்ன செய்வேன்?

கையெழுத்துத் தாளை வீட்டுக்கு எடுத்து வந்து மேஜை மேல் வைத்தேன். என் பெண் இப்போது வேலைக்குப் போகிறாள். இரவு பத்து மணிக்கு மெட்ரோவில் வருகிறவள். அவளுக்காகத்தான் இதெல்லாம் என்று நினைத்துப் பெருமையாக நீட்டினேன். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, அந்த டியூஷன் மாமா பேரு இந்த லிஸ்ட்ல வருமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த மாமா கதைக்குப் பிறகு வருகிறேன். அன்றிரவு தூக்கம் வராமல் படிக்க ஆரம்பித்து, இந்தச் சட்டங்கள் எப்படி, யாருக்காக வந்தன என்று ஒரு மாசம் தேடியதன் விளைவுதான் இது. நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த வரலாறு வக்கீல்களிடம் மட்டும் இருக்க வேண்டிய விஷயமும் இல்லை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நம் ஊர்ப் பத்திரிகைகள் ரொம்ப நாள் "கற்பழிப்பு" என்றுதான் எழுதின. குற்றம் செய்தவன் ஒருவன், அழிந்துபோனது மட்டும் அவளுடைய கற்பு! சட்டமும் நெடுங்காலம் ஏறக்குறைய அதே கணக்கில்தான் ஓடியது.

1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில், பெண்ணின் சம்மத வயது 10. ஆமாம், பத்துதான். 1890-ல் கல்கத்தாவில் ஒரு வழக்கு. பத்துப் பதினோரு வயதுச் சிறுமி, அவளைவிட மிகவும் மூத்த கணவனால் இறந்துபோனாள். பத்து வயதைத் தாண்டிவிட்டதால் அந்தக் கணவன் மேல் வன்புணர்ச்சிக் குற்றமே சாட்ட முடியவில்லை. கிடைத்தது ஓராண்டு கடுங்காவல். அதன் பிறகுதான் 1891-ல் சம்மத வயதை 12 ஆக்கினார்கள். அதற்கே நாடு முழுக்க எதிர்ப்பு. நம் குடும்ப விஷயத்தில் வெள்ளைக்காரன் தலையிடக் கூடாது என்று திலகரே எதிர்த்தார். 'வீட்டுக்குள் நடப்பது வெளியே போகக் கூடாது' என்ற வாதத்துக்கு வயது எவ்வளவு ஆகிறது பாருங்கள்.

அதற்குப் பிறகு வயது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மற்றபடி 120 வருடங்களுக்கு மேல் அந்தச் சட்டத்தைப் பெரிதாக யாரும் தொடவில்லை. தொட வைத்தது 1972 மார்ச் 26-ம் தேதி ராத்திரி.

மகாராஷ்டிரா சந்திரபூர் மாவட்டம், தேசாய்கஞ்ச் போலீஸ் ஸ்டேஷன். ஒரு புகார் விசாரணைக்காக அண்ணனோடு வந்த ஆதிவாசிப் பெண். வயது 14-லிருந்து 16-க்குள். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அவளை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டார்கள் இரண்டு போலீஸ்காரர்கள். (அந்தப் பெண்ணின் பெயராலேயே இந்த வழக்கு பிரபலம். ஆனால் அவள் வழக்கால் வந்த சட்டமே பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடக் கூடாது என்று சொல்வதால், நான் எழுதவில்லை.)

செஷன்ஸ் கோர்ட் 1974-ல் இருவரையும் விடுதலை செய்தது. அவள் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவள், சம்மதித்திருப்பாள் என்று சொன்னது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் பெஞ்ச் 1976-ல் அதை மாற்றியது. பயத்தால் அடங்கிப்போவது வேறு, சம்மதம் வேறு என்று தண்டனை கொடுத்தது. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இருவரையும் விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, அவள் எதிர்த்ததாகத் தெரியவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ராத்திரி நேரம், போலீஸ் ஸ்டேஷனுக்குள், இரண்டு காக்கிச் சட்டைகளுக்கு நடுவில் அந்தப் பெண் எப்படி எதிர்த்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்களோ தெரியவில்லை.

ஒரு வருடம் யாருக்கும் தெரியாமல் சட்டப் புத்தகத்தில் தூங்கியது அந்தத் தீர்ப்பு. 1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நாலு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அது பத்திரிகைகளில் வந்து, 1980 மார்ச் 8 மகளிர் தினத்தன்று பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. போலீஸ் காவலிலோ, அரசு ஊழியர் பிடியிலோ நடந்தால், தான் சம்மதிக்கவில்லை என்று அந்தப் பெண் சொன்னாலே கோர்ட் அதை ஏற்று ஆரம்பிக்க வேண்டும் என்பது அதில் முக்கியம். குறைந்தபட்ச தண்டனை, மூடிய அறையில் விசாரணை, பெயரை வெளியிடத் தடை எல்லாம் அப்போது வந்தவைதான்.

சந்திரபூர்ப் பெண்ணுக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுடைய தீர்ப்பு மாறவே இல்லை.

அந்த 1983 சட்டம் தூக்கு மரத்தையோ, குற்றவாளிப் பட்டியலையோ கொண்டுவரவில்லை. 'யார் சொல்வதை நம்புவது' என்ற விதியைத்தான் மாற்றியது. அதுவும் பாதிதான். பாதிக்கப்பட்ட பெண்ணின் 'நடத்தை சரியில்லை' என்று காட்டி அவள் சாட்சியத்தைத் தள்ளலாம் என்ற பிரிவு, சாட்சியச் சட்டத்தில் 2002 திருத்தம் வரும் வரை அப்படியே இருந்தது. நாமெல்லாம் இங்கே இன்டர்நெட் கனெக்‌ஷன் வாங்கிய பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இது ஏதோ வடக்கத்தி விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கம் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து ஒரு மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போகவே கோர்ட் படியேற வேண்டியிருந்தது. 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி கோர்ட் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்தே போயிருந்தார்கள். 2023-ல், அதே செப்டம்பர் 29-ல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 31 வருடம். அந்தப் பெண்களில் பலர் இதற்குள் பாட்டி ஆகியிருப்பார்கள்.

அதே 1992-ல் ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமம். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்ட ஊழியப் பெண்ணை ஊர்க்காரர்களே பழிவாங்கினார்கள். 1995-ல் கீழ் கோர்ட் வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. ஆனால் வேலை செய்யும் இடத்தில் பெண்ணுக்கு யார் பாதுகாப்பு என்று சில அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதில், 1997-ல் விசாகா தீர்ப்பு வந்தது. இன்று நம் ஆபீஸ்களில் வருடா வருடம் கட்டாய டிரெய்னிங் என்று அலுத்துக்கொண்டு கிளிக் செய்கிறோமே, அதன் மூலம் அதுதான். அந்த பெஞ்சில் இருந்தவர் தலைமை நீதிபதி ஜே.எஸ்.வர்மா. பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 2012 டிசம்பர் 16.

நாங்கள் அப்போது ஆர்.கே.புரத்தில் குடியிருந்தோம். கிருத்திகைக்கு மலை மந்திர் போய்விட்டு, உறவுக்காரர்களை துவாரகா பஸ் ஏற்றிவிட முனிர்கா ஸ்டாண்டில்தான் நிற்போம். அதே ஸ்டாண்டில், துவாரகா போகத்தான், அந்தப் பெண்ணும் நண்பரும் ஏறினார்கள். மகிபால்பூர் பக்கம் தூக்கிப் போடப்பட்டார்கள். டிசம்பர் 29-ல் சிங்கப்பூரில் அவள் இறந்தாள். என் பெண் அப்போது ஆறாம் வகுப்பு. 'அந்த அக்கா ஏன் நம்ம ஸ்டாண்டுல ஏறினா' என்று கேட்டாள். நம்ம ஸ்டாண்டு!

அதன் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். நீதிபதி வர்மா, லீலா சேத், கோபால் சுப்பிரமணியம் மூவர் கமிட்டி. எண்பதாயிரம் யோசனைகள் வந்து குவிந்தன. 29 நாளில், 2013 ஜனவரி 23-ல், அறிக்கை கொடுத்துவிட்டார்கள். நானும் அன்று இந்தியா கேட் பக்கம் மெழுகுவர்த்தியோடு நின்றவன். தூக்கில் போடு என்று கத்தியவன். அந்த அறிக்கையை நான் படித்தது பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாகி, இந்த மாசம்தான். வெட்கமாக இருக்கிறது.

தூக்குத் தண்டனை வேண்டாம் என்கிறது அறிக்கை. ஆண்மை நீக்கம் வேண்டாம் என்கிறது. சிறார் வயதைக் குறைக்காதே என்கிறது. அதற்குப் பதிலாக அது கேட்டதெல்லாம் நமக்கு ருசிக்காத பண்டங்கள். புகாரைப் பதிவு செய்யாத போலீஸ்காரருக்கு ஜெயில். போலீஸ் சீர்திருத்தம். சீருடைக்காரர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. கணவன் என்பதற்காக விதிவிலக்கு கிடையாது.

2013 சட்டத்தில் இவற்றில் சில வந்தன. பின்தொடர்வது, ஒளிந்து பார்ப்பது, ஆசிட் வீச்சு எல்லாம் தனிக் குற்றங்களாயின. எஃப்.ஐ.ஆர். போட மறுப்பது குற்றமானது. ஆனால் கமிட்டி வேண்டாம் என்ற மரண தண்டனையும் சில சந்தர்ப்பங்களுக்கு வந்தது. கணவன் விதிவிலக்கு போகவில்லை. 2024 ஜூலை 1-ல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்தது. அதிலும் அந்த விதிவிலக்கு பத்திரமாக இருக்கிறது. 2018-ல் கத்துவா சம்பவக் கோபத்தில், 12 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் தூக்கு வரை என்று வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 20-ல்தான் நம் சொசைட்டி கேட்கும் தேசியப் பட்டியல் தொடங்கியது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளோடு, போலீஸ் பார்ப்பதற்கு மட்டும்.

2019 டிசம்பர் 6 காலையில் ஹைதராபாத் என்கவுன்டர் செய்தி வந்தபோது எங்கள் ஆபீஸில் லட்டு கொடுத்தார்கள். நானும் தின்றேன். 2022-ல் சிர்புர்கர் கமிஷன் அறிக்கை வெளியானது. கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள், செத்த நாலு பேரில் மூன்று பேர் மைனர்கள் என்றது. குற்றம் செய்தவர்கள் இவர்கள்தானா என்று எந்தக் கோர்ட்டும் முடிவு செய்யவில்லை. இனி செய்யவும் முடியாது. அந்த டாக்டர் பெண்ணுக்கு நியாயம் கிடைத்ததா என்ற கேள்விக்கு நமக்குக் கிடைத்த பதில் அந்த லட்டு மட்டும்தான்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே 1994-ல் மாநிலங்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம். 1996-ல் அதை அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டும் என்ற மேகன் சட்டம். இரண்டும் கொல்லப்பட்ட, காணாமல்போன குழந்தைகளின் பெயரால் வந்தவை. யாரையும் குறை சொல்ல மனம் வராது. ஆனால் மேகன் சட்டம் பிறந்த நியூ ஜெர்சியிலேயே 2008-ல் ஓர் ஆய்வு செய்து பார்த்தார்கள். மறுபடி குற்றம் செய்வது அந்தச் சட்டத்தால் குறைந்ததாகத் தெரியவில்லை. மயாமியில் பள்ளிக்கூடங்களிலிருந்து 2,500 அடிக்குள் இவர்கள் வசிக்கக் கூடாது என்று விதி போட்டதில், வீடே கிடைக்காமல் ஒரு பாலத்துக்கு அடியில் கூட்டமாகக் கூடாரம் போட்டு 2010 வரை இருந்தார்கள். வீடும் வேலையும் இல்லாத, யார் கண்ணிலும் படாத ஆள் ஊருக்குப் பாதுகாப்பா, ஆபத்தா?

நம் நாட்டுக் கணக்கு இன்னும் தெளிவு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரத்தில், பதிவான வன்புணர்ச்சி வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். வருடா வருடம் இதே கதை. 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், 53 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொந்தரவைச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால் முதலில் யாராவது புகார் கொடுக்க வேண்டும். அந்தப் புகார் கோர்ட்டில் நிற்க வேண்டும். 2019-ல் வன்புணர்ச்சி வழக்குகளில் தண்டனை கிடைத்தது 27.8 சதவீதம். செய்தவர் சித்தப்பாவாக இருந்து, புகார் கொடுத்தால் தூக்கு, லிஃப்டில் குடும்பப் பெயரோடு போட்டோ என்றால், எந்த வீட்டில் அந்தக் குழந்தையை வாய் திறக்க விடுவார்கள்?

இனி டியூஷன் மாமா.

2005. எங்கள் காலனித் தமிழ்க் குடும்பங்களில் கணக்கு என்றால் அவர்தான். நவராத்திரிக்கு முதலில் வருவார், பொங்கல் விழாவுக்கு வசூல் செய்வார். ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண் திடீரென்று டியூஷனுக்குப் போக மாட்டேன் என்று அழுதாள். கேட்டதில், அவர் தப்பாக நடந்துகொண்டது வெளியே வந்தது. அவள் அப்பா டூரில். அம்மா எங்களிடம்தான் வந்தார். நாங்கள் நாலு 'பெரியவர்கள்' கூடினோம். காபி வந்தது. நான்தான் பேசினேன்.

"போலீஸ், கோர்ட்டுன்னு போனா பொண்ணு பேர்தான் கெடும். வேற ஊருக்கு மாத்திக்கிட்டுப் போயிடறேங்கறார். விட்டுடலாம்."

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. "அங்கேயும் குழந்தைங்க இருப்பாங்களே அண்ணா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவர் போய்விட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று நாங்கள் நிம்மதியானோம். அந்தப் பெண் வளர்ந்து, என் பெண்ணுக்கு அக்கா மாதிரி ஆகி, ஒரு நாள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறாள். நான் பேசிய வசனம் உட்பட.

தேசியப் பட்டியலில் அந்த மனிதர் பெயர் இல்லை. எங்கள் சொசைட்டிப் பட்டியலிலும் வராது. அவருக்கு பி.எஸ்சி. இருக்கிறது, பேன்ட் சட்டை இஸ்திரியாக இருக்கும், கேட்டில் செக்யூரிட்டி சல்யூட் அடிப்பார். பெயர் இல்லாமல் போனதற்கு போலீஸ் காரணமில்லை. நான் காரணம்.

இப்போது புகார் கொடுக்கலாமா என்று ஒரு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். 2005-ல் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. இதெல்லாம் 'பெண்ணின் மானத்துக்குப் பங்கம்' என்ற பழைய 354-ம் பிரிவில்தான் வரும். அதிகபட்சம் இரண்டு வருடம். அந்த மாதிரிக் குற்றத்துக்குக் கோர்ட் போக மூன்று வருடம்தான் கெடு. 2008-லேயே காலாவதி.

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ல் அமலுக்கு வந்தது, அந்த பஸ் சம்பவத்துக்கு ஒரு மாசம் முன்னால். அதன் 19-வது பிரிவுப்படி, குழந்தைக்கு இப்படி நடந்தது என்று தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாசம் வரை ஜெயில். 2005-ல் நான் செய்ததை இன்று ஒருவர் செய்தால் அவர் குற்றவாளி. இத்தனை சட்டங்களைப் படித்ததில், எனக்காகவே எழுதியது போல் இருந்தது இந்த ஒன்றுதான்.

மனுவில் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மீட்டிங்கில் எழுந்து, லிஃப்டில் ஒட்ட இடம் இருந்தால் 19-வது பிரிவை ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் ஒட்டுங்கள், கீழே 1098, 112, 181 மூன்று எண்களையும் போடுங்கள், டிரைவர்கள் போட்டோ வேண்டாம் என்றேன். ஒருவர் "உங்களுக்குப் பெண் இருக்கிறாளா, இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறாள், அவள்தான் சொல்லச் சொன்னாள் என்றேன். ஓட்டெடுப்பில் தோற்றேன். மனு போனது. ஆனால் எங்கள் டவர் லிஃப்டில் மட்டும் அந்த மூன்று எண்களை ஒட்ட விட்டார்கள். போன வாரம் யாரோ அதில் பாதியைக் கிழித்திருந்தார்கள். மறுபடி ஒட்டினேன்.

அந்த அம்மாவுக்கும் போன் செய்தேன். இப்போது சென்னையில் இருக்கிறார். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இதை நீங்க அவகிட்ட சொல்லணும் அண்ணா, என்கிட்ட இல்ல" என்றார்.

நம்பர் கொடுத்திருக்கிறார். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பேச வேண்டும்.